டிசம்பரில் நான் மாட்டிய ஆறுமுனை நட்சத்திரம்

அன்று நடந்தது, வரிசைப்படி:

1. எங்கள் வாசலில் நட்சத்திரம் எரிந்தது.
2. அண்ணனுக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் வீடு பார்க்க வந்தார்கள்.
3. வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.
4. நான் விளக்கம் கொடுத்தேன்.
5. மொத்த வீடும் இருட்டானது.

நான்காவதை மட்டும் நான் தவிர்த்திருந்தால் ஐந்தாவதைச் சமாளித்திருக்கலாம் என்பது அப்பாவின் கருத்து. ஐந்தாவதற்கும் நானே காரணம் என்பது அண்ணனின் கருத்து. இருவர் சொல்வதும் சரி.

மலைமேல் இருக்கும் வட்டக்கானலில் எங்கள் வீட்டை ஒட்டி, சுற்றுலா வருபவர்களுக்கென்று இரண்டு அறைகள் இருக்கின்றன. தங்குபவர்களில் பாதிப் பேர் இஸ்ரேல்காரர்கள். அண்ணன் முத்துக்குமார்தான் பார்த்துக்கொள்கிறான். தங்கமான பையன். ஆனால் "அந்தக் குளிருக்குள்ள எம்புள்ளையத் தள்ள மாட்டேன்" என்று வந்த வரன்கள் எல்லாம் நழுவிக்கொண்டிருந்தன. கடைசியில் பழனியில் பூக்கடை வைத்திருக்கும் தண்டபாணி, தன் மகள் சுகந்திக்காக எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அதற்குள் அண்ணனும் சுகந்தியும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் சாமியாராப் போயிருவேன்" என்றான்.

"அங்கல்லாம் வைஃபை கெடையாதுண்ணே."

நான் அப்போதுதான் மின் பொறியியல் முடித்திருந்தேன். (சுவிட்சைப் பார்த்தாலே கழற்றத் தோன்றும் பருவம்.) வருகிறவர்களை அசத்த ஒரு திட்டம் போட்டேன். ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று. பழனிக்காரர்களுக்கு அது முருகனின் சட்கோணம்: மேல்நோக்கிய முக்கோணம் சிவன், கீழ்நோக்கியது சக்தி, ஆறு முனைக்கும் சரவணபவ என்ற ஆறெழுத்து. எங்களிடம் தங்கியிருந்த இஸ்ரேல் தம்பதிக்கு அது தாவீதின் கேடயம், அவர்கள் மொழியில் 'மகேன் தாவித்'. கிறிஸ்துமஸும் நெருங்கிவிட்டது; ஆறு முனைகளை உலகைப் படைத்த ஆறு நாட்களாகச் சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. ஒரே நட்சத்திரம், மூன்று வேலை. என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, சீரியல் பல்பு சுற்றி, இணைப்புகளுக்கு டேப் ஒட்டி மாட்டினேன். இரண்டு விஷயங்களை மட்டும் யோசிக்கவில்லை. ஒன்று, எங்கள் ஊரில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் டேப்புக்குள்ளும் இறங்கும். இரண்டு, டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் எரிந்தால் அது கிறிஸ்தவர் வீடு. இது செண்பகனூரிலிருந்து கவுஞ்சி வரைக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும்.

தண்டபாணி வண்டியிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"நீங்க வேதக்காரங்களா?" (கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.)

"ஐயோ, இல்லீங்க. முருகன் கும்புடுறவங்க!"

"வேதக்காரங்கன்னா தப்பில்லீங்க. மறச்சா தப்பு. ஸ்டாரு தொங்குதே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி ஆரம்பித்தேன். "முனையை எண்ணிப் பாருங்க, ஆறு. இது சட்கோணம்."

அந்த நேரம் பார்த்து எங்கள் விருந்தாளி இலானா வெளியே வந்தாள். நட்சத்திரத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து, "மகேன் தாவித்!" என்று கூவி, தன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய அதே நட்சத்திரத்தை எடுத்து தண்டபாணியிடம் காட்டினாள்.

"இவுக யாரு?"

"யூதருங்க."

"அப்ப இது அவுக சாமியா?"

"சாமி இல்லீங்க, அடையாளம். அதுவும் பிற்பாடு வந்தது. அவங்களுக்கு ஏழு கிளை விளக்குதான் இதைவிடப் பழசு. முஸ்லிம்கள்கூட இதையே சுலைமான் நபியோட முத்திரைன்னு..."

"இன்னும் யாரும் பாக்கி இருக்காகளா?" என்றார் தண்டபாணி.

யாரும் பதில் சொல்வதற்குள் வீடு அணைந்தது. ஓடிப்போய் மெயினைப் போட்டேன், விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. (நட்சத்திரத்தின் பிளக்கை முதலில் பிடுங்க வேண்டும் என்பது எனக்கு மறுநாள் காலையில்தான் தோன்றியது.)

இருட்டில் அம்மா என் காதில், "சாமி வெளக்காவது எரியட்டும். ஏத்துனியா?" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. கேசரி கிண்டும் அவசரத்தில் அம்மா என்னிடம் ஒப்படைத்த ஒரே சோலி அதுதான். அத்தனை பல்பை எரியவைத்தவள் அந்த ஒரு திரியை மறந்திருந்தேன். இப்போது இருட்டில் தீப்பெட்டியும் கைக்கு அகப்படவில்லை.

தண்டபாணியின் மனைவி காந்திமதியின் குரல் கேட்டது. "வெள்ளிக்கிழமை, வெளக்கு வைக்கிற நேரம். வீடு இப்படிக் கெடக்கு."



அப்போதுதான் பக்கத்து அறையில் வெளிச்சம் தெரிந்தது. இலானா முக்காடு போட்டு, இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி, கண்களை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய ஓய்வுநாள் வெள்ளி மாலையில் தொடங்குகிறது. காந்திமதி விறுவிறுவென்று போய், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைகூப்பி நின்றார்.

இலானா கண் திறந்ததும், சாமி விளக்கை ஏற்ற ஒரு மெழுகுவத்தியை இரவல் கேட்டேன். ஏற்றிய பிறகு நகர்த்தக் கூடாது, மன்னித்துக்கொள் என்றாள். அதைத் தமிழில் சொன்னேன்.

"அதான முறை" என்றார் காந்திமதி. "ஏத்துன வெளக்கத் தூக்கிக்கிட்டு அலைவாகளா? நாமதான் போகணும்."

போனோம். இலானாவின் கணவரின் முதுகுப்பைகளை நகர்த்திவிட்டு, கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து எல்லோரும் கேசரி சாப்பிட்டோம். இலானா நீட்டிய பின்னல் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எம்மக சடைய விட நல்லாப் பின்னிருக்காக" என்றார் காந்திமதி. கடையிலிருந்து அம்மாவுக்காகக் கொண்டுவந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி இலானாவுக்கு வைத்துவிட்டார்.

வண்டியேறும்போது தண்டபாணி, "வீடு பாக்கணும்னு வந்தோம். ஒண்ணும் தெரியல" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சுச்சு" என்றார் காந்திமதி. "எங்கிட்டோ இருந்து வந்த புள்ளைக்கு அவுக வெளக்க அவுக முறைப்படி ஏத்த எடங் குடுத்துருக்காக. நம்ம புள்ளைக்குக் குடுக்க மாட்டாகளா? வெரசா தேதியப் பாருங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ளைய மட்டும் மண்டபத்துல கரண்டு பக்கம் விட்றாதீங்க."

விடவில்லை. மண்டபத்தில் மெயின் பாக்ஸுக்கு முன்னால் என் சித்தப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, இலை அங்கேயே போனது. அன்று அந்த வீட்டிலேயே இல்லாத சுகந்தி அண்ணிதான் இப்போது புதிதாக வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். "முனையை எண்ணிப் பாருங்க" என்ற இடத்தில் என் குரலிலேயே பேசுகிறார்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. நான் ஒரு நிறுவனத்தில் மின்பாதுகாப்புச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பல்பு மாற்ற செண்பகனூரிலிருந்து எலக்ட்ரீஷியன் வருகிறார்.