ஜோசிக்கு அரண்மனையில் பதக்கம் குத்திய கதை

பர்ன்லி,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய எட்னா அக்காவுக்கு, தம்பி வில்ஃப் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை உட்பட அனைவரும் நலம். அங்கே பெர்த்தில் வெயில் உட்பட அனைவரும் நலமென நம்புகிறேன்.

நம் ஜோசிக்கு மிலிட்டரி கிராஸ் கொடுத்துவிட்டார்கள், அக்கா! எதிரியின் குண்டுக்கு நேரே நின்றவர்களுக்குத் தருகிற வெள்ளிச் சிலுவை. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து ஆப்கானிஸ்தான் போனவள், கூடாரத்துக்குள் உட்கார்ந்து கட்டுத்துணி எடுத்துக் கொடுக்கிறேன் என்றுதானே போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்? அதற்கு எதற்குச் சிலுவை என்று கேட்டால், "ஏதோ குடுக்கறாங்கப்பா, போய் வாங்கிட்டு வந்துடலாம்" என்கிறாள், முக்குக் கடையில் பால் வாங்குவது மாதிரி.

பதக்கம் வாங்க அரண்மனைக்குக் கிளம்பினோம். லண்டனில் பாதாள ரயிலின் கதவு மூடியபோது உன் தம்பி பெண்டாட்டி நோரீனின் தொப்பி இறகு வெளியே மாட்டிக்கொண்டது. அடுத்த நிலையம் வரை தலையை அசைக்காமல் கதவோடு கதவாக நின்றாள். அரண்மனையின் சிவப்புக் கம்பளத்தில் கால் வைத்தேனோ இல்லையோ, என் வலது பூட்ஸின் அடித்தோல் வாயைப் பிளந்தது. காலை இழுத்து இழுத்து நடந்தேன். வாசலில் நின்ற அதிகாரி பயபக்தியோடு, "போர்க்காயமா, ஐயா?" என்றார். நோரீன் விடுவாளா? "எங்க கல்யாணத்துக்கு வாங்கின பூட்ஸுங்க. அன்னிலேர்ந்து போர்தான்" என்றாள்.

பிறகு ஜோசியின் பெயரைக் கூப்பிட்டார்கள். நம் பிள்ளை சீருடையில் நடந்துபோன நடை இருக்கிறதே, வாய் பிளந்த பூட்ஸையே நான் மறந்துவிட்டேன்.

வெளியே முற்றத்தில் கைத்தடி ஊன்றியபடி அவளுடைய அதிகாரி மேஜர் ஹேவர்த் வந்தார். படையைத் திறமையாக நடத்தியதற்காக அவருக்கும் அன்று ஒரு பதக்கம். வாழ்த்துச் சொன்னேன்.

"நான் எங்கே நடத்தினேன்? தொடையில குண்டு பட்டு வாய்க்கால்ல கிடந்தேன். இவ அந்தக் குண்டு பறக்கிற நேரத்துல ஓடி வந்து ரத்தக்குழாயை அமுக்கிப் பிடிச்சா. நான் தலையைத் தூக்கி உத்தரவு போடப் பார்த்தேன். என்ன சொன்னா தெரியுமா? 'வாயை மூடிட்டுப் படுங்க சார். சாகறதா இருந்தா என்னைக் கேட்டுட்டுச் சாவுங்க.' சுத்தி மண்ணு தெறிக்குது, ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் கையை எடுக்கலையே!"

"அவரு மேஜராச்சேடி! அப்படியா பேசுவே?" என்றாள் நோரீன்.

"கொஞ்சம் அவசரம்மா" என்றாள் ஜோசி, காது சிவக்க.

 மேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வெதுவெதுவென்று இருந்தது. இந்தச் சூடு நம் பிள்ளை காப்பாற்றிக் கொடுத்தது என்று தோன்றியதும் கையை விட மனம் வரவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் ரயிலில் ஜோசி என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினாள். மடியில் கிடந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். நகத்தையெல்லாம் கடித்துத் துப்பியிருக்கிறாள். இந்தக் கையா? தோள் மரத்துப்போயிற்று. ரயில் மாற வேண்டிய பிரஸ்டன் வரும்வரை நான் அசையவில்லை.

அத்தானுக்கு என் மரியாதை, பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள், கங்காருக்களுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
வில்ஃப் டாட்டர்ஸால்

பி.கு.: இப்போதுதான் ஜோசி எட்டிப் பார்த்து, "இதையெல்லாம் யாருக்கும் எழுதித் தொலைக்காதீங்கப்பா, சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தை நீ படிக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியரும், பஸ் டிப்போ கிளப்பில் இருக்கிற அத்தனை பேரும்கூட நேற்றே என் வாயிலிருந்து இதைக் கேட்கவில்லை.