அகன்று தெரிந்த குழாய்

உயிர்தோறும் மூச்சாய் உலவி, நெஞ்சத் தாமரையில் நின்றாடும் பெருமானின் சேவடியை வணங்கித் தொடங்குகிறேன். அறியாமைக்குப் பக்தி வேடம் போட்டுவிட்டால் அடையாளம் காண்பது கடினம். அந்த வேடத்தை நான் ஒருமுறை மிகச் சிறப்பாகவே போட்டேன்.

எழுபதுகளின் இறுதி. கார்த்திகைச் சோமவாரம், வளர்பிறை. (மார்பை எக்ஸ்ரே எடுக்கவும் நாள் பார்த்தவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) அரும்பாவூரில் தமிழாசிரியராக இருந்தேன். தா.பழூரில் பெண் நிச்சயமாகி, தை மாதம் திருமணம். இடையில் விடாத இருமல். பெரம்பலூர் டாக்டரம்மா, அரியலூரில் படம் எடுத்து நேரே தம்மிடம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

குளிர்ந்த தகட்டில் மார்பை ஒட்டி நின்றேன். மூச்சை நன்றாக இழுத்து அடக்கும்படி மறைப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இழுத்தேன். ஆனால் எதையும் ஒரு பாடலோடு தொடங்குவது என் வழக்கம்; ஒரு பாடலை ஒரே மூச்சில் பாடி முடிப்பது நான் பயின்ற முறை; தொடங்கியதை நடுவில் அறுப்பதோ அபசாரம். ஆகவே உதட்டளவில் நான்கு அடிகளையும் பாடினேன். கடைசிச் சீர் முடிந்து, மார்பு கோடைக்குளம்போல் வற்றி ஒடுங்கிய நொடியில் படம் எடுக்கப்பட்டது.

படத்தைக் கொடுத்தவர், இருதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் வழக்கமான அளவைவிட அகன்று தெரிகிறது, டாக்டரிடம் உடனே காட்டுங்கள் என்றார். வேறொருவன் அஞ்சியிருப்பான். நான் மகிழ்ந்தேன். நெஞ்சில் ஆடும் பெருமானின் தேர் வரும் வீதி அகலமாகத்தானே இருக்க வேண்டும்? பெரம்பலூர் பஸ்ஸை விட்டுவிட்டுத் தா.பழூர் பஸ்ஸில் ஏறினேன். பக்தியுள்ள மாப்பிள்ளைதான் வேண்டும் என்று தேடியவர் அல்லவா என் வருங்கால மாமனார்.

வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தவரிடம் படத்தைத் தூக்கிப் பிடித்து விளக்கவுரை நிகழ்த்தினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

“வாத்தியாரே, சாமி வரட்டும், வேணாங்கல. நெஞ்சுல குழா வீங்குன ஆளுக்கு நான் எப்படிங்க பொண்ணு குடுக்கிறது? தட்டு மாத்துனதோட நிறுத்திக்குவோம்.”

மறுமொழி சொல்ல வாய் திறந்தேன். இருமல்தான் வந்தது. (அது அப்போது வந்திருக்க வேண்டாம்.)

உள்ளறையிலிருந்து பெண்ணின் குரல் கேட்டது: “அப்பா, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. இவரு சொன்னது போதும்.”

மறுநாள் அவரும் நானும் பெரம்பலூர் போனோம். டாக்டரம்மா படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விலா எலும்புகளை விரலால் எண்ணினார். எலும்புகள் குறைவாகத்தான் தெரிகின்றன, இது நுரையீரல் விரியாதபோது எடுத்த படம்; அப்படி எடுத்தால் இருதயமும் குழாயும் பருத்துத்தான் தெரியும். வெறும் அளவை வைத்து நோயென்று சொல்லிவிட முடியாது, ஆளின் உடல்வாகையும் படம் எடுத்த விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மூச்சை அடக்கச் சொன்னப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“பாடிக்கிட்டு இருந்தேங்க.”

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மீண்டும் அரியலூர் போனபோது எக்ஸ்ரே அறைக் கதவுவரை கூடவே வந்து, “வாயை மட்டும் தொறக்காதீங்க, மாப்பிள்ளை” என்றார். ‘மாப்பிள்ளை’ என்ற அந்தச் சொல்லிலேயே எனக்குப் பாதி நோய் தீர்ந்தது. மீதியை மருந்து தீர்த்தது. புதுப் படத்தில் குழாயும் தன் அளவுக்கு வந்து அடங்கியது. தையில் திருமணம் நடந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யார் புகைப்படம் எடுத்தாலும் என் மனைவி முதலில் என்னிடம்தான் கேட்பாள்: “பாடி முடிச்சுட்டீங்களா? எடுக்கச் சொல்லட்டா?”

இதைப் படிக்கும் அனைவரும் நெஞ்சு நோகாமல், மூச்சு இளைக்காமல், நெடுங்காலம் நலமுடன் வாழ்க. அவரவர் குழாய்கள் அவரவர்க்கு உரிய அளவிலேயே அமைக.