கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடம்

வீரம்மா அழகுமுத்து,
மூன்றாம் லயம், கீழ்ப்பிரிவு,
ராகலை.
ஞாயிற்றுக்கிழமை

கட்சி அமைப்பாளரும் முன்னாள் பிரதேச சபை உறுப்பினரும் என்னோடு கூடப் பிறந்தவருமான மதிப்புக்குரிய முத்துலிங்கம் அண்ணன் அவர்களுக்கு, தங்கை வீரம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம். மழையும் சுகமாக இருக்கிறது, ஒன்பது நாளாக விடவில்லை. டவுனில் நீங்கள் சளி, மூட்டுவலி, எதிர்க்கட்சி எதுவும் அண்டாமல் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் காரியாலயத்து நிரோஷன் தம்பி கொண்டுவந்து தந்த வேட்பாளர் அறிமுகப் படிவம் கிடைத்தது. பட்டியலில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால் உங்களுக்கு என் ஞாபகமும் வந்திருக்கிறது. சட்டத்துக்கும் உங்களுக்கும் நன்றி. போனில் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. "நீ அடியில கையெழுத்த மட்டும் போடு தங்கச்சி. மேல உள்ளத அண்ணே எழுதிக்கிறேன்" என்றீர்கள். போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் மேலே பார்த்தால் விருப்பங்கள், செயற்திட்டங்கள், அரசியல் நிலைப்பாடு, வாசிப்பு என்று நாலு கட்டம் காலியாகக் கிடந்தது. ஐம்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒரு தாள் என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது. பதில் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. கட்டம் நாலும் தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது, அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பலம் அதில்தான் இருக்கிறது. நான் தினமும் வாசிக்கிறேன். கடையில் கடலை, பருப்பு, கருவாடு எதைச் சுற்றித் தந்தாலும் அந்தத் தாளை நீவி, காயவைத்து, வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவேன். இந்த முறையில் இருபது வருஷத்து நாட்டு நடப்பை அறிந்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு குறை, முக்கியமான செய்தியெல்லாம் "தொடர்ச்சி ஏழாம் பக்கம்" என்று முடிகிறது. இதுவரை எனக்கு ஏழாம் பக்கம் கிடைத்ததில்லை. தோட்டத்து மக்கள் எல்லாருக்கும் காணி உறுதியோடு வீடு என்ற செய்தியை நான் ஐந்து தரம் வாசித்திருக்கிறேன். வீடுகள் ஏழாம் பக்கத்தில் கட்டப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். சில நாள் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளிலும் சுற்றித் தருவார்கள். ஒல்லாந்தர் ஆட்சி பற்றி ஒரு பிள்ளை எழுதிய விடையை முழுதாகப் படித்தேன். அதற்குப் பதினொரு மார்க்குதான் விழுந்திருந்தது, ஆகவே அதில் உள்ளதற்கு நேர்மாறாக நம்பி வருகிறேன். இதைச் சபையில் யாராவது கேட்டால் எனக்குப் பிரச்சினை இல்லை.

விருப்பம் என்ற கட்டத்தில் மனு எழுதுதல் என்று போடவும். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் நான் பதினாறு வருஷமாக வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் ஒரு மணி நேரத்தில் மனு எழுதுவேன். இதுவரை பதினேழு மனு போயிருக்கிறது, மூன்றுக்குப் பதில் வந்தது. அதில் ஒன்று முகவரி தவறு என்று திரும்பி வந்த என்னுடைய மனுதான், ஆனாலும் தபால்காரர் வீடு தேடி வந்ததால் அதையும் பதிலாகவே சேர்த்திருக்கிறேன். உரக்கப் பேசுவதும் என் விருப்பம்தான். இது பற்றி என் வீட்டுக்காரரிடம் விசாரிக்க வேண்டாம்.

செயற்திட்டம் ஒன்றே ஒன்றுதான், அது நம் பாதை. மெயின் ரோட்டிலிருந்து நம் லயத்து வரிசை வீடுகள் வரை ஒன்றரைக் கிலோமீற்றர். இதற்குத்தான் மூன்று தேர்தலில் மூன்று பேர் அடிக்கல் வைத்தார்கள். முதல் கல்லில் நாங்கள் உடுப்புத் துவைக்கிறோம். இரண்டாவது கோயில் மணிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. மூன்றாவது நீங்கள் வைத்தது, நல்ல சலவைக்கல், அதைப் பிள்ளைக்காம்பரா வாசலில் படியாகப் போட்டிருக்கிறேன். உங்கள் பெயரைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பத்தான் பார்த்தேன், ஆனால் அடிப்பக்கம் சமமாக இல்லை. எனவே இருபத்திரண்டு பிள்ளைகளும் தினமும் உங்கள் பெயரில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். சேறு உள்ளே வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்த வகையில் அந்தக் கல்லால் பயன் உண்டு என்பதை யார் கேட்டாலும் சொல்வேன்.

கல் வைத்தவர்களை நம்பியிருந்தால் ஆகாது என்று போன வருஷம் நாங்களே இறங்கினோம். பெண்கள் முப்பது பேர் சேர்ந்து தேயிலை ஸ்டோர் அடுப்புச் சாம்பலையும் ஆற்றுச் சரளையும் சுமந்து வந்து நாலு ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டுக் குழிகளை நிரப்பினோம். பாதை கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்தாம் ஞாயிறு பெய்த மழையில் பாதை முழுவதும் கிளம்பிப் போய் தோட்டத்துத் துரை பங்களாவின் லீக்ஸ் பாத்தியில் இறங்கிவிட்டது. துரை வந்து யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று முன்னால் போய் நின்றேன். லீக்ஸ் பாத்தியில் இப்போது வாகனம் ஓடும் என்பதையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை, திட்டிவிட்டுப் போனார். என் கணக்கில் அந்தத் திட்டம் எழுபது வீதம் வெற்றி. பாதை போட நம்மால் முடியும் என்று தெரிந்தது, அதை நிற்கவைக்க வடிகான் வேண்டும் என்பதும் தெரிந்தது. வடிகானுக்குச் சபைக்குள் ஆள் வேண்டும்.

ஐப்பசியில் மருமகள் பிரேமினிக்கு வலி எடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். மூன்றாம் வளைவில் பிள்ளை பிறந்துவிட்டது. என் சேலையில்தான் அதைச் சுற்றினேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அது தெய்வம் செய்த உபகாரம். பேத்திக்கு கிருஷாந்தி என்று பெயர் வைத்தோம், ஆனால் லயத்தில் எல்லாரும் வளைவுக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணா. அன்றைக்கு நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் பயந்ததில்லை. பயம் போனதும் வந்த கோபம் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. அரசியல் நிலைப்பாடு என்ற கட்டத்தில் இதைத்தான் எழுத வேண்டும், வேறு நிலைப்பாடு எனக்கு இல்லை.

கட்சி விஷயத்தில் நான் பொதுவானவள். தொழிற்சங்கத் தலைவர்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்ததால், மரியாதைக்காக இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு சங்கமும் என்னைத் தங்கள் ஆள் என்று சொல்கிறது, இரண்டும் சரிதான். முன்பள்ளி லோஜினி டீச்சர் தோட்டத்து ஆட்களைச் சேர்த்துச் சுயேச்சைக் குழு ஒன்று போடுகிறார். முதல் பெயராக நிற்கச் சொல்லி என்னை இரண்டு தரம் கேட்டார். கூடப் பிறந்தவர் இருக்கும்போது அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அண்ணன் என்றால் அண்ணன்தான்.

ஆனால் டவுன் மண்டபத்தில் நீங்கள் நடத்திய மகளிர் மாநாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது பெண்களை லொறியில் ஏற்றி வந்தீர்கள். நிரோஷன் தம்பி வாசலில் நின்று வரவுப் பட்டியலை வாசித்தார். விடிந்தால் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவதும், "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு நடப்பதும்தான் எங்கள் ஆயுள் பழக்கம். பெயர் கூப்பிட்ட பிறகு உட்கார்ந்திருந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். ஆகவே பட்டியலில் முதலில் இருந்த வீராயி "இருக்கேன்" என்று எழுந்து வெளியே போனாள், அடுத்தவள் போனாள், இப்படி நாற்பது பேரும் ஒழுங்காகப் போய் ரோட்டோரத்தில் வரிசையாக நின்று எந்த மலை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து "என் அன்புச் சகோதரிகளே" என்றபோது மண்டபத்தில் மைக் செட்காரரும் நானும்தான். நான் போகாததற்குக் காரணம் என் பெயர் பட்டியலில் இல்லை.

நீங்கள் வெளியே வந்து அவர்களைப் பார்த்து, "இதுங்களுக்கெல்லாம் அரசியல் ஒரு கேடா" என்றீர்கள். அதை நான் கேட்டேன், அவர்களும் கேட்டார்கள். எனக்குத் தோன்றியது வேறு. ஒரு தரம் பெயர் கூப்பிட்டால் நாற்பது பேரும் எழுந்து வரிசையில் நிற்கிறார்கள், இந்த நாட்டில் வேறு எந்தக் கட்சிக்கு இப்படி ஆள் இருக்கிறது. எந்த மலைக்குப் போவது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அதை நான் சொல்வேன், எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.

ஆகவே இந்த அறிமுகத்தை அப்படியே பிரசுரத்தில் போட்டு, என்னைப் பட்டியலில் பேசும் ஆளாகவே சேர்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஒல்லாந்தரை எடுத்துவிடலாம். பாதையைத் தொட வேண்டாம். மூத்தவரான உங்கள் காலைத் தொட்டு வணங்கி, பிள்ளைகளுக்கு அன்பையும் அக்கம்பக்கத்தாருக்கு விசாரிப்பையும் சொல்லி, உங்கள் வெற்றிக்கு என் வாக்கை இப்போதே கொடுத்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தங்கை
வீரம்மா

பின்குறிப்பு, புதன்கிழமை: இதை அனுப்புவதற்கு முன்னால் நேற்று நிரோஷன் தம்பி என் படம் போட்ட துண்டுப்பிரசுரக் கட்டோடு வந்து நின்றார். நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அச்சாகிவிட்டது. படம் நன்றாக இருந்தது. கீழே, விருப்பம் சமையல், தையல்; செயற்திட்டம் அண்ணனின் வழியில் நடத்தல்; அரசியல் அண்ணனின் கருத்தே என் கருத்து; வாசிப்பு இல்லை என்று இருந்தது. எனக்கு வாசிப்பு இல்லை என்பதை நான் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு லோஜினி டீச்சர் வீட்டுக்குப் போனேன். இன்று விடிய வரும் முதல் பஸ்ஸில் நுவரெலியா அரசாங்கக் கச்சேரிக்குப் போய் வேட்புமனுவைக் கொடுத்துவிட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். முதல் பெயர் என்னுடையது. மேலே கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தின் அசல் எங்கள் பிரசுரமாக அச்சகத்தில் இருக்கிறது, சலவைக்கல் உட்பட ஒரு வரியும் சுருக்கவில்லை. உங்களுக்கு வருவது நகல். இரண்டாவது பெயர் ராசம்மா அண்ணி. திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டாராம், உங்களைக் கட்டியவர் என்னையே முந்திவிட்டார். மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தன் அறிமுகத்தையும் தானே எழுதுவேன் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஒன்பதாம் பக்கம் ஓடுகிறது, உங்கள் கல்யாணத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறார்.