சிப்பிகளின் மதியத் தூக்கம்

முத்தால் கெட்டுப்போனவர்கள் எங்கள் கடற்கரையில் ஏராளம். ஏலத்தில் சிப்பிக் குவியலை எடுத்து வீட்டை விற்றவர்கள், தோணியை விற்றவர்கள், புத்தியை விற்றவர்கள் என்று அவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆனால் முத்தே இல்லாத வெறும் சிப்பியால் கெட்டுப்போனவள் தூத்துக்குடியில் ஒருத்திதான். அவள் எங்கள் சிப்பி அக்கா.

அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சென்னையில் எம்.எஸ்ஸி. ஆராய்ச்சி மாணவி. சென்னையில் முத்துச்சிப்பி கிடையாது என்பதால், உலக யுத்தம் முடிந்த கையோடு சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டவள். துறைமுகத்துக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை அவளுக்கு ஆராய்ச்சிக்கூடம். மரப்பலகைத் தரை. அதன் மேல் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதற்குள் சிப்பிகள். அங்கே நான் உதவியாளர்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாவி கொடுத்தால் மெல்லச் சுற்றும் உருளை ஒன்று உண்டு. அதில் காகிதம் சுற்றி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கரி ஏற்ற வேண்டும். சிப்பியின் மேல் ஓட்டில் கட்டிய நூல் ஒரு ஈர்க்குச்சியை அசைக்கும். அந்தக் குச்சி கரியில் கோடு கீறும். சிப்பி திறந்தால் கோடு ஏறும், மூடினால் இறங்கும். சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குப் போகும்போது எங்கள் முகத்திலும் பாதிக் காகிதத்தின் கரி இருக்கும்.

அக்காவுக்கு மூன்று வாழ்க்கை. முதலாவது வீடு. அவள் அப்பா கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். மண்டி ஆட்களுக்கும் சேர்த்து வீட்டில்தான் சமையல். காலையில் அக்காவின் கால் அண்ணன் குழந்தையின் தொட்டிலை ஆட்டும், கை புத்தகத்தைப் பிடிக்கும், வாய் சிப்பி வகைகளின் லத்தீன் பெயர்களை ஆதி தாளத்தில் சொல்லும். அதைக் கேட்டால்தான் அந்தக் குழந்தை தூங்கும். ஒரு நாள் குழம்பில் உப்பு சரியா என்று பார்க்க, கடல்நீரின் உப்பை அளக்கும் கண்ணாடிக் குழலைச் சட்டிக்குள் விட்டுவிட்டாள்.

"ஏளா, கொழம்புக்குக் காய்ச்சலா?" என்றாள் மதினி.

"இல்ல மதினி. உப்பு எவ்வளவுன்னு பாக்கேன்."

"அதுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கே. அதையும் ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டியா?"

இரண்டாவது வாழ்க்கை சிப்பி. மூன்றாவது நடனம். சென்னை விடுதியில் இருந்தபோது, ஒரு தோழியின் வீட்டுக்கு வந்த ஆசிரியரிடம் கற்றுக்கொண்டது. மண்டி வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அவர்களுக்கு நடனம் என்றால் கூத்து, கூத்து என்றால் குடும்ப மானம். ஆகவே ஊர் முழுக்கத் தேடி அக்காவுக்கு ஆடக் கிடைத்த ஒரே இடம் எங்கள் கொட்டகை, ஒரே நேரம் மதியம். கடல்நீர் கொண்டுவரும் தொம்மை அண்ணன் சாப்பிடப் போய்விடுவார். அக்கா சேலையை வரிந்து கட்டுவாள். நான் அளவுகோலால் மேசையில் தாளம் போடுவேன். அக்காவை யாரும் கொடியிடையாள் என்று சொல்ல மாட்டார்கள். அவள் காலை ஓங்கித் தட்டித் தட்டடைவு போட்டால் அலமாரியில் பீக்கர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அப்பாவுக்கும் அவளுக்கும் ஓர் ஒப்பந்தம். இந்த வருஷத்துக்குள் ஆராய்ச்சி முடிந்து பட்டம் வந்தால், சென்னைக் கல்லூரியில், அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் புரொபசர் சொல்லிவைத்திருக்கும் வேலைக்குப் போகலாம். அங்கே அறை உண்டு, நடன ஆசிரியர் உண்டு, கேள்வி கேட்க மதினி இல்லை. முடியாவிட்டால், கொழும்பில் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

அந்த நிலையில்தான் அக்கா ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தாள். கரிக் காகிதங்களை வரிசையாகத் தரையில் விரித்துப் பார்த்தால், எல்லாச் சிப்பிகளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் மூடிக்கொண்டிருந்தன. கடல் ஏற்ற இறக்கம் காரணமாக இருக்க முடியாது. அது தினம் தள்ளிப் போகும். வெயிலும் இல்லை. தொட்டியைச் சுற்றிச் சாக்குத் திரை.

"ஏளா, இங்கன வா. இது என்னன்னு தெரியுதா? முத்துச்சிப்பி மத்தியானம் தூங்குது."

"நம்ம ஊர்ச் சிப்பிதானே அக்கா, தூங்காம என்ன செய்யும்?"

அவள் சிரிக்கவில்லை. அன்றே புரொபசருக்கு எழுதினாள். அவர் ஆனந்தப்பட்டு, நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் போட்டார். அக்கா அன்று மதியம் இன்னும் உற்சாகமாக ஆடினாள். சிப்பிகளும் இன்னும் ஆழ்ந்து தூங்கின.

புரொபசர் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், தொட்டியைக் கழுவும்போது உடைந்த சிப்பி ஓடு ஒன்று அக்காவின் குதிகாலைக் கிழித்தது. கட்டுப் போட்டாயிற்று. ஆட முடியாது. மதியம் முழுக்கத் திரைக்குள் முக்காலி போட்டு, சிப்பிகள் தூங்கும் அழகைப் பார்க்க உட்கார்ந்தாள். சிப்பிகள் தூங்கவில்லை. குழாயடிப் பெண்களைப் போல வாயைத் திறந்தபடியே இருந்தன. மறுநாளும் அப்படியே. அக்கா காலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கட்டுப் போடாத காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்தாள். அத்தனை சிப்பியும் பட்டென்று மூடிக்கொண்டன.

"தூங்கல," என்றாள். "பயந்துருக்கு. இத்தன நாளும் எனக்குப் பயந்து மூடிருக்கு."

கால் கொஞ்சம் ஆறியதும் நடந்த முயற்சிகளைப் பட்டியலாகவே சொல்லலாம். தரையில் கயிற்றுப்பாய் விரித்து ஆடினாள், மூடின. பாய்க்கு மேல் பாய் போட்டு ஆடினாள், வழுக்கி விழுந்தாள், விழுந்த சத்தத்தில் சாயங்காலம் வரை மூடின. கால் வேண்டாம், உட்கார்ந்து அபிநயம் மட்டும் பிடிக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அபிநயத்தில் முகம் தெரிய வேண்டுமே என்று, ஜன்னல் வெளிச்சத்துக்காகத் திரையை விலக்கினேன். கிருஷ்ணனை 'வா' என்று அழைத்த கையின் நிழல் தொட்டி மேல் விழுந்தது. முத்துச்சிப்பிக்கு நிழலும் ஆகாது. கிருஷ்ணன் வந்தானோ என்னவோ, சிப்பிகள் கதவைச் சாத்திவிட்டன.

தொட்டியை நகர்த்த வேறு இடம் இல்லை. ஆடுவதற்கும் வேறு இடம் இல்லை. ஆடாவிட்டால் புரொபசருக்கு எழுதிய தூக்கம் இல்லை, ஆடினால் ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லாவிட்டால் கொட்டகைக்கு வரவே காரணம் இல்லை. அக்கா இதை என்னிடம் ஒரு கணக்கு மாதிரி சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். நானும் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை கொழும்பு என்றே வந்தது.

புரொபசர் வந்தார். சாப்பிட்ட கையோடு முக்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சிப்பிகள் எப்போது தூங்கும் என்று காத்திருந்தார். அவை தூங்குவதாக இல்லை. தொம்மை அண்ணனுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் பின்பக்கம் நின்னு பலகையில ஒரே ஒரு போடு போடட்டுமா? மெதுவாத்தான். பிள்ளைக்குப் பட்டம் வந்துரும்லா?"

நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் திரை இடுக்கு வழியே சிப்பிகளை எட்டிப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

"வேண்டாம்ளா. பாவம், அதுக தூங்குனதே இல்ல. தூங்குச்சுன்னு நான் எப்பிடி எழுத?"

பிறகு புரொபசர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நீங்க அப்படியே பாத்துக்கிட்டிருங்க. நான் காட்டுதேன்."

சேலையை வரிந்து கட்டினாள். என்னைப் பார்த்தாள். நான் அளவுகோலை எடுத்தேன். குதிகால் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பீக்கர்கள் பேசின, தகரக் கூரை பேசியது, சிப்பிகள் ஒன்றுவிடாமல் மூடின. ஈர்க்குச்சி சரேலென்று கீழே இறங்கியது. புரொபசர் சிப்பியைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தெரியாமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் அப்பா மண்டி அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். மகளுடைய வாத்தியாருக்கு வீட்டில் காபி பலகாரம் தயார் செய்துவிட்டு, அழைத்துப் போக வந்திருந்தார். நான்தான் முதலில் அவரைப் பார்த்தேன். தாளம் நின்றது. அக்காவும் நின்றாள். சிப்பிகள் மட்டும் எதுவும் தெரியாமல் மூடிக் கிடந்தன.

முதலில் பேசியது புரொபசர். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. "நேர்மையா காட்டினியேம்மா, சந்தோஷம். ஆனா இதுவரைக்கும் எடுத்த பதிவெல்லாம் சிப்பியைப் பத்தின ஆராய்ச்சி இல்ல. உன்னைப் பத்தின ஆராய்ச்சி. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

அண்ணாச்சி அதில் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"இதுக்குத்தான் சிப்பி சிப்பின்னு இங்கன ஓடியாந்தியா?"

"ரெண்டுக்குந்தான் ஐயா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "காபி ஆறுது. சாரக் கூட்டிட்டு வா," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். தை மாதம் கல்யாணம். கப்பல் ஏற்ற நானும் தொம்மை அண்ணனும் போயிருந்தோம். அக்கா கழுத்து நிறைய நகையோடு நின்றாள். அதில் முத்தும் இருந்தது.

"கொழும்பு வீட்டுல சிமிட்டித் தரையாம்ளா," என்றாள். "மிதிச்சா ஒண்ணும் அசையாது."

அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கே தெரியாது என்று பட்டது.

இப்போது அந்தக் கொட்டகையில் நான் மட்டும்தான். அடுத்த மாணவர் வரும் வரையில் பதிவுகளைத் தொடரச் சொல்லி உத்தரவு. மதியம் முழுக்கச் சிப்பிகள் அகலத் திறந்து கிடக்கின்றன. கோடு நூல் பிடித்தது போல ஓடுகிறது. இத்தனை சுத்தமான பதிவு இந்தக் கரையில் எடுத்ததே இல்லை என்று சென்னையிலிருந்து பாராட்டி எழுதியிருக்கிறார்கள். நான் ஒழுங்கான வேலைக்காரி என்று பெயர் எடுத்தவள். இருந்தாலும் சில நாள் அந்தக் கோட்டைப் பார்க்கப் பொறுக்காமல், எழுந்து போய்த் தரையை ஒரு முறை ஓங்கி மிதித்துவிட்டு வந்து உட்காருகிறேன்.