ரத்தம் பேசிய கொட்டகை

தேனி பைபாஸில் ரத்தத்தோடு பேசுகிற ஒருவர் இருந்தார். பெயர் ராக்கையா. 2004 வரைக்கும் பருத்தி மூட்டைக்குத் தரகு பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம்தான் ரத்தம் அவரிடம் பேசத் தொடங்கியது. எல்லா ரத்தமும் பேசாது. பிரஷர் ஏறி, மூளைக்குள் நரம்பு வெடித்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களின் ரத்தம்தான் பேசும். அவருடைய கொட்டகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடு தூரம் என்பது தற்செயல். நம்புங்கள்.

விடிந்தால் போதும், போடி ஜீப், கம்பத்து வேன் என்று வாசல் நிறைந்துவிடும். வந்தவர் கையில் வெற்றிலை, வெற்றிலையில் நோயாளியின் ஒரு சொட்டு ரத்தம். ராக்கையா வாய் நிறைய வெற்றிலைச் சாறோடு அதை வாங்கி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் உதறி, விரலால் கலக்குவார். தண்ணீர் சிவந்தால் ஆள் எழுந்து நடப்பான். மஞ்சளாகவே நின்றால் தோஷம். கறுப்புச் சேவலும் ஒன்பது நாள் பூசையும். நோயாளி எந்தப் பக்கம் போனாலும் ராக்கையாவுக்குக் குறைவில்லை.

வரிசையில் அம்மாவோடும் தாய்மாமனோடும் கயல் நின்றாள். பதினேழு வயது. அவளுடைய அப்பா அம்மாவாசி, ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர், பிரஷர் மாத்திரை தலை சுற்ற வைக்கிறதென்று தானாகவே நிறுத்தியவர். பந்தலுக்கடியில் விழுந்து இன்றோடு ஐந்து நாள். வலது கை, கால் விளங்கவில்லை. பேச்சும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தினமும் ரத்தம் எடுத்தார். சர்க்கரை, வெள்ளையணு, உடம்பின் வீக்கத்தைக் காட்டும் ஒரு புரதம் எல்லாம் பார்ப்பதாகவும், அவை கூடினால் ஆபத்து கூடுதல் என்று மட்டும் சொல்ல முடியும், எழுந்து நடப்பாரா என்று அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். பிரஷர் மறுபடி ஏறினால் மறுபடி வெடிக்கலாம் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

தாய்மாமன் பொன்னுராஜுக்கு இது பொறுக்கவில்லை. "அஞ்சு நாளா ஊசி ஊசியா எடுத்தாக. கேட்டா, தெரியாதுங்கிறாக. அங்கன ஒரே சொட்டுல சொல்லிர்றாரு" என்றார். படித்தவர் வாயிலிருந்து 'தெரியாது' வந்தால் நம் ஊரில் மன்னிப்பே கிடையாது.

முடிவாகிவிட்டது. குறி சிவந்தால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டு அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோவது. ராக்கையாவின் முதல் கட்டளையே இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துவது. அப்பா விரலில் குத்தி ரத்தம் எடுத்துவரச் சொன்னபோது அவளால் முடியவில்லை. ஏற்கனவே அந்தக் கையில் இடமில்லாமல் ஊசித் தழும்பு. தன் விரலிலேயே குத்திக்கொண்டாள். அப்புறம் அதுவும் பயமாகிவிட்டது. தன் ரத்தத்துக்குக் கெட்ட குறி வந்தால்? படித்த பிள்ளைதான். பயம் மார்க் ஷீட் பார்த்தா வருகிறது?

அவர்களுக்கு முன்னால் நின்றவருக்குத் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. சேவல் வாங்கிவரச் சொல்லி அவரை அனுப்பினார்கள். அடுத்து இவர்கள். ராக்கையா கலக்கினார். தண்ணீர் சரசரவென்று சிவந்தது.

"எந்திரிச்சு நடப்பான். மூளையில கட்டுன ரத்தத்த இந்த ரத்தமே கரைச்சிரும். இன்னைக்கே வீட்டுக்குக் கொண்டு போங்க."

பொன்னுராஜ் கும்பிட்டார். கயலின் அம்மா மாரீஸ்வரி அழுதாள். கயல் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அது எங்க அப்பா ரத்தமில்ல. என் ரத்தம்."

ராக்கையா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அவ்வளவு நேரம் போதும் அவருக்கு. "மக ரத்தம் யாரு ரத்தம்? அப்பன் ரத்தந்தான ஆத்தா. அதான் அப்பனுக்காகப் பேசுது."

கூட்டம் சிலிர்த்தது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொய்யைப் பிடித்தாலும் அதற்கு மாலை போடுகிற ஊர்.

கயல் விடவில்லை. "முந்தி வந்தவுகளுக்கு ஆள்காட்டி விரலால கலக்குனீக. எங்களுக்கு மட்டும் கட்டவிரலு. கையக் கழுவிட்டு இன்னொருக்கா கலக்குங்க சாமி."

"அக்கினியில தண்ணி ஊத்தச் சொல்ற. குறி செத்துப் போகும்."

மாமா அவள் தோளைப் பிடித்து இழுத்தார். மாரீஸ்வரி இழுக்கவில்லை. அவள் பார்வை ராக்கையாவின் கட்டைவிரல் நகத்தில் நின்றுவிட்டது. நகக்கண்ணில் வெள்ளை.

அது வெற்றிலைச் சுண்ணாம்பென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திராட்சைக்கு அடிக்கிற பூஞ்சை மருந்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக் கரைத்து விரல் வெடித்தவள். தொட்டியில் அருவாளை முக்கி எடுத்து, இரும்பில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை, கொடி கருகும் என்று ஊற்ற விடாமல் நிறுத்துகிறவள்.

அடுத்தவருக்காகக் கரைத்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்தாள். ராக்கையாவின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை அதற்குள் அழுத்தினாள். களை வெட்டிய கை. அவரால் உருவ முடியவில்லை.

சுண்ணாம்பு சேர்த்த ஆரத்தி போலத் தண்ணீர் சிவந்தது.

"இதுல ரத்தமே விழுகலையேய்யா. இப்ப யாரு எந்திரிச்சு நடக்கப் போறா?"

கயல் குடத்தடியிலிருந்த சொம்பை எடுத்து அந்த விரலில் ஊற்றினாள். அம்மா தன் முந்தானையால் நகத்தைத் தேய்த்துத் துடைத்து, இன்னொரு கிண்ணத்தில் முக்கினாள். மஞ்சள். கலக்கினாலும் மஞ்சள்.

"ஒரு தொட்டி மருந்த நான் அருவாள முக்கிப் பாக்காம அடிக்க மாட்டேன்" என்றாள் மாரீஸ்வரி. "உன்கிட்ட என் புருசனையே குடுக்கப் பாத்தேனே."

ராக்கையா, தெய்வம் கோபித்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டுக் கொட்டகையின் பின்பக்கமாக இறங்கினார். முன்னால் மஞ்சள் குறி வாங்கிப் போனவர் சேவலோடு திரும்பி வந்து, அதை யாரிடம் கொடுப்பதென்று விசாரித்துக்கொண்டிருந்தார். கெங்குவார்பட்டிப் பக்கம் முட்டையில் குறி பார்க்கிறவர் இருப்பதாக ஒரு குரல் வழி சொல்ல, பாதி ஜீப் அங்கே கிளம்பியது.

மாரீஸ்வரி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டாக்டரம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அவரும் அதே பதிலைத்தான் சொன்னார்: இப்போது தெரியாது, மாத்திரையை விடாமல் பத்து நாள் பார்க்கலாம். இந்த முறை அவள் அழவில்லை. எந்த மாத்திரை எந்த நேரத்துக்கு என்று கயலை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

ரத்தத்தைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் மிஷின் இருக்கிறது. ரத்தத்தோடு பேசுகிறவரைச் சோதிக்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும். இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீருக்கா பஞ்சம்? ஊற்றுகிற கைக்குத்தான்.