இருபத்தேழாம் வாரமும் ஓர் ஊறுகாய் ஜாடியும்

நிபுணர்களைப் பெண் பார்க்கும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகக் கூடாது. இதை நான் ஒரு நிபுணன் என்ற முறையில்தான் சொல்கிறேன். டாக்டரை அழைத்துப் போனால் பெண்ணின் தாத்தா ஏன் இருமுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கொத்தனாரை அழைத்துப் போனால் சுவரில் விரிசல் தேடுவார். எங்கள் வீட்டில் என்னை அழைத்துப் போனார்கள்.

அறுபதுகளில் செஞ்சியில் படக்கதைகளைச் சேர்க்கவும் தரம் பிரிக்கவும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். (அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை என்பதை அம்மா அடிக்கடி நினைவுபடுத்துவாள்.) வயது இருபத்திரண்டு. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. அது பெயருக்கு. வாரப் பத்திரிகைகளில் வரும் படக்கதைப் பக்கங்களைக் கத்தரித்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து அடுக்குவதுதான் என் உண்மையான உத்தியோகம்.

தரத்துக்கு நானே சட்டம் வகுத்திருந்தேன். கறையும் மடிப்பும் இல்லாதது முதல் தரம். கதாநாயகிக்கு யாராவது பேனாவால் மீசை வரைந்திருந்தால் இரண்டாம் தரம். பக்கோடா கட்டிக்கொடுத்த தாள் மூன்றாம் தரம். முதல் தரத்துக்காக எதையும் கொடுப்பேன். ஒருமுறை நான்கு பழைய வாரங்களுக்குப் பதிலாகப் புதுச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஆபீஸ் ஆட்களோடு கோட்டை மலையான ராஜகிரியின் உச்சி வரை வெறுங்காலில் ஏறினேன். மேலே போனதும் என் கால் கொப்புளங்களைப் பார்த்து, "வேண்டுதலா சார்?" என்று பக்தியோடு கேட்டார் பியூன். ஆமாம் என்றேன்.

அப்போது 'நீலக்குல்லாய் வீரன்' என்றொரு தொடர் நாற்பது வாரம் வந்து முடிந்திருந்தது. என்னிடம் முப்பத்தொன்பது வாரங்கள் இருந்தன, அத்தனையும் முதல் தரம். இல்லாதது இருபத்தேழாம் வாரம். அந்த வாரம் திண்டிவனம் பஸ்ஸின் கூரைமேல் வந்த பத்திரிகைக் கட்டு, வழியில் கொட்டிய மழையில் ஊறிக் கூழாகிச் செஞ்சியில் இறங்கியது. ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு பிரதி கிடையாது. பத்திரிகை ஆபீசுக்கு எழுதினேன். கைவசம் இல்லை என்று கார்டு வந்தது.

வேறு ஏதாவது வாரமாக இருந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இருபத்தாறாம் வாரத்தில் நீலக்குல்லாய் பாதாளச் சிறையில் கிடக்கிறான். பக்கத்தில் சாகக் கிடக்கும் ஒரு கிழட்டுத் திருடன், கிட்டே வா என்று கையைக் காட்டுகிறான். தொடரும். இருபத்தெட்டாம் வாரத்தில் பார்த்தால் நம் ஆள் சிறைக்கு வெளியே நிற்கிறான், தன் கத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டான், வெறுங்கையோடு நடக்கிறான். ஏன் போட்டாய் என்று ராஜா கேட்கிறார், ராணி கேட்கிறாள், வில்லனே கேட்கிறான். நாற்பதாம் வாரம் வரை எல்லாருக்கும் ஒரே பதில்: "கிழவர் சொன்னார், போட்டேன்." என்ன சொன்னார் என்பது மட்டும் இருபத்தேழாம் வாரத்தோடு திண்டிவனம் ரோட்டில் கரைந்துபோயிற்று.

கடைத்தெருவில் பைண்டிங் செய்யும் காதர் பாய் மிச்சத்தை வைத்துத் தைத்துக்கொடுக்க மறுத்துவிட்டார். "நடுவுல ஒரு வாரம் இல்லாம தச்சா அது புக்கா தம்பி? பல்லு போன வாயி. போய் எங்கியாவது தேடிக்கினு வா" என்றார்.

இந்த நிலையில்தான் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

என் அண்ணன் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைப்பவன் போல இருப்பான். அதற்கு முந்தைய வருஷம் ஆறு மாதம் அவலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தான். அந்த ஆறு மாதமும் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஊருக்கு வரும்போதெல்லாம் பெருங்காய டப்பா வாங்கி வந்தான். எங்கள் வீட்டு ரசம் சித்த மருந்து போல மணத்தது. பிறகு அவலூர்பேட்டை மளிகைக் கடைக்காரர் பெண் கஸ்தூரியின் ஜாதகம் தரகர் மூலம் வந்தபோது, அதற்கு முன் நான்கு இடங்களுக்கு உதட்டைப் பிதுக்கியவன், ஜாதகத்தைப் பிரிக்காமலே "இது சரியா இருக்கும்" என்றான். நைனாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருங்காயத்தின் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னை ஓரமாக இழுத்தான். "டேய், எனக்கு இந்த ஒரு எடம்தான்டா. வாயத் தொறக்காத. எதையும் தொடாத. ஒன் கால்ல உழுந்து கேக்கறேன்."

அவன் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை. "கவலைப்படாதண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று முழு நம்பிக்கையோடு சொன்னேன்.

முன்னால் கடை, பின்னால் வீடு. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் வாயைத் திறந்தது பஜ்ஜிக்கு மட்டும்தான். கை கழுவப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். வழியில் சமையலறை. வீட்டுப் பெண்கள் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்க்கக் கதவு இடுக்கில் நெருக்கிக்கொண்டு நின்றதால் உள்ளே யாரும் இல்லை. தலைக்கு மேலே ஒரு மரப்பலகை. எல்லார் வீட்டையும் போல அதன்மேல் பழைய தாள் விரித்து, தொங்கும் ஓரத்தை மடித்துக் கத்தரித்து, அழகுக்கு வைர வைரமாகத் துளை போட்டிருந்தார்கள். அந்தத் தாளில் ஒரு நீலக் குல்லாய் தெரிந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். சிறைக் கம்பி, கிழவனின் தாடி. சந்தேகமே இல்லை, இருபத்தேழாம் வாரம்தான். அவலூர்பேட்டைக்குப் பத்திரிகைக் கட்டு திருவண்ணாமலைப் பக்கமிருந்து வரும் என்பதும், அங்கே அன்று மழை பெய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதும் என் நிபுணத்துவ மூளைக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை.

கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் பலகைத் தாளைக் கேட்பது மரியாதையா என்று யோசித்தேன். (எடுப்பது மரியாதையா என்று யோசிக்கவில்லை.) ஓரத்தில் கிடந்த உரலின்மேல் ஏறினேன். தாளின்மேல் இருந்த புளிப்பானையை நகர்த்தினேன். உப்புச் சட்டியை நகர்த்தினேன். கடைசியாக ஒரு பீங்கான் ஜாடி, வாய்வரை மாங்காய் ஊறுகாய். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டேன். தாளை எடுக்கக் கை இல்லை. வாயால் கவ்வி இழுத்தேன். வந்துவிட்டது.

அப்போதுதான் காப்பி எடுத்துப் போகப் பட்டுப்புடவையில் பெண் உள்ளே வந்தாள். உரலின்மேல் ஊறுகாய் ஜாடியோடு, பல்லில் தாளைக் கவ்விக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள்.

"இன்னா பண்றீங்க?" என்றாள்.

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். தாள் நழுவியது. ஜாடியா தாளா என்று முடிவெடுக்க எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. தாளைப் பிடித்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். "வருஷத்து ஊறுகா போச்சே!" என்று பெண்ணின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். வழிந்த எண்ணெயில் யாரோ ஒரு மாமா வழுக்கி, எழுந்து, "நல்ல காரியம் பேசச்சொல்ல இது அபசகுனம்" என்று அறிவித்தார். மளிகைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னாத்துக்கு மேல ஏறுனே?" என்றார்.

விளக்கினால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். உரலில் இருந்து இறங்காமலே, இருபத்தாறாம் வாரத்தில் தொடங்கி, திண்டிவனம் மழை வழியாக, மூன்று தரங்களையும் தொட்டு, தெளிவாக எடுத்துச் சொன்னேன். முடித்தபோது நைனா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. காப்பித் தட்டோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

காப்பி வராமலே கிளம்பினோம். திரும்பும் பஸ்ஸில் நைனா என்னைத் திட்டித் தீர்த்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஒரே ஒரு வார்த்தை பேசினான். "ஒம்பது டப்பா பெருங்காயம் வாங்கனேன்டா."

அவன் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குப் பட்ட வெட்கத்தை நான் வேறு என்றைக்கும் படவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது பையில் அந்தத் தாள் இருந்தது. கூட்டத்தில் என்னை அறியாமலே மடித்து வைத்திருக்கிறேன். ஆக, திருட்டும் சேர்ந்துகொண்டது. பிரித்துப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் கிழவன் வாயைத் திறந்திருக்கிறான். அவன் பேச்சு இருக்க வேண்டிய வட்டத்தில், கனகச்சிதமாக, ஒரு வைரத் துளை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். மடியில் கடைத்தெருவில் வாங்கிய புது ஜாடி, அது நிறைய எங்கள் வீட்டு ஊறுகாய். (அம்மா இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தாள்.)

"மறுபடியும் இன்னா?" என்றார் மளிகைக்காரர்.

ஜாடியைக் கீழே வைத்தேன். தாளைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தேன். "இது உங்களுது. தெரியாம எடுத்துக்கினு போயிட்டேன். தப்பெல்லாம் என்னுது. எங்க அண்ணன் எதையும் தொடமாட்டாரு. ஒரு வார்த்த அதிகமா பேசமாட்டாரு. உங்க கடையில ஒம்பது டப்பா பெருங்காயம் வாங்கினாரு, அப்பகூட பேசல."

"பதினொன்னு" என்றது கதவுக்குப் பின்னால் ஒரு குரல்.

மளிகைக்காரர் மெதுவாகத் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ்ளோ பெருங்காயம் வாத்தியாருக்கு இன்னாத்துக்குன்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சேன்" என்றார். ஜாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "உள்ள வா. காப்பி சாப்டு. சமையக்கட்டுப் பக்கம் மட்டும் போவாத" என்றார். (மீதி இரண்டு டப்பா எங்கே போயிற்று என்று அண்ணன் இன்றுவரை சொல்லவில்லை.)

காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்திருக்க வேண்டும். நிபுணன் வருவானா? தம்ளரை எடுக்க வந்த கஸ்தூரியிடம் கேட்டேவிட்டேன். "இதக் கத்தரிச்சது யாருங்க?"

"நான்தான்."

"கத்தரிக்கறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

"படிக்காம எதையும் கத்தரிக்கமாட்டேன். 'கத்தி வெச்சிருக்கறவனுக்குத் தூக்கம் வராது'ன்னான் கெழவன். அவ்ளோதான்."

நான் சிரித்தேன். பதிமூன்று வாரம் ஒருவன் வெறுங்கையோடு அலைந்ததற்கு இவ்வளவு சாதாரணமான வசனமா? "இருக்காதுங்க. எனக்கு இந்தக் கதை தலைகீழாத் தெரியும். வேற ஏதோ பெரிய ரகசியம். நீங்க மறந்துட்டிருப்பீங்க" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. கால் மணி நேரம் வாதாடினோம். மளிகைக்காரர் வாடிக்கையாளரை நிற்கவைத்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள், "நம்பாதவங்களுக்கு நான் எதுக்கு சொல்லணும்? இனிமே சாவற வரிக்கும் சொல்லமாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

"கொழுந்தன் சண்ட இப்பவே ஆரம்பிச்சிடுச்சி" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நைனாவ வந்து தேதி குறிக்கச் சொல்லு."

தையில் கல்யாணம். முகூர்த்தம் முடியும்வரை சமையல் பந்தலின் வாசலில், நான் நுழையாமல் பார்த்துக்கொள்ள, வழுக்கி விழுந்த அந்த மாமாவையே உட்கார வைத்திருந்தார்கள். சீர்வரிசைத் தட்டு ஒன்றில் அந்தப் பலகைத் தாளும் வந்தது. காதர் பாய் அதைப் பார்த்துவிட்டு, "எண்ணெ, மஞ்சளு, ஓட்ட. ஒன் சட்டத்துல இது எத்தனாவது தரம்?" என்று கேட்டார். துளைகளுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி, நாற்பது வாரங்களையும் தைத்துக் கொடுத்தார்.

அண்ணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஐம்பது வருஷத்துக்கு மேல் நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "கெழவன் இன்னா சொன்னான்னா தம்பி, ரேஷன்ல சக்கரை போடறாங்க, பைய எடுத்துக்கினு ஓடுன்னான்." "கெழவன் சொன்னது, மொதல்ல கையக் கழுவிட்டு வந்து உக்காருன்னு." வீட்டில் யாருக்கு எந்த வேலை ஆக வேண்டுமென்றாலும் அதைக் கிழவன்தான் சொன்னான். அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதும் கிழவன் சொல்லித்தான்.

போன மாதம் நான் அண்ணன், அண்ணியோடு உட்கார்ந்திருந்தபோது அவர்கள் மகள் போனோடு வந்தாள். பழைய படக்கதை சேர்க்கும் யாரோ ஒருவர் தன்னிடம் உள்ள பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறாராம். "சித்தப்பா, உங்க இருபத்தேழாம் வாரம்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கிழவன், தாடி, வட்டம். வட்டத்துக்குள்: 'கத்தி வைத்திருப்பவனுக்குத் தூக்கம் வராது.'

எத்தனையோ தாள்களைப் புரட்டிப் பார்த்து அசலா போலியா என்று தீர்ப்புச் சொன்னவன் நான். எனக்கு நேரில் கிடைத்த ஒரே அசலைப் போலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். "மன்னிச்சிடுங்கண்ணி" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

நான் உள்ளே போய்ப் பைண்டு புத்தகத்தை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, பேனாவையும் கொடுத்தேன். "வெள்ளையா கிடக்குது. உங்க கையால அந்த வசனத்த எழுதிடுங்க" என்றேன். அண்ணி அந்த வைரத் துளைக்குள் நிறுத்தி நிதானமாக எழுதி, மை காய ஊதி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

'ஜாடியைத் தொடாதே.'

அண்ணன் புத்தகத்தை வாங்கி இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தான். கணக்கு வாத்தியார் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பேனாவால் கிறுக்கிய பிரதி என் சட்டப்படி இரண்டாம் தரம். கேட்கிறவர்களிடம் முதல் தரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.