எட்டாம் பாகத்துக்கு அரைப்பேர்

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பன்று, சக்கரமுமன்று. முடிந்துவிட்ட கதையை முடியவில்லை என்று அறிவிக்கும் துணிவே அது. தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகக் கடமையாற்றும் ஸ்ரீதரனிடம் அத்துணிவு குறைவின்றி இருந்தது. பகலெல்லாம் அவர் கொழுந்தை நிறுப்பார்; எஞ்சிய பொழுதில் அண்டத்தை அளப்பார். அவர் எழுதிய ‘விண்வெளித் தோட்டம்’ என்னும் அறிவியல் புதினம் எட்டுப் பாகங்களைக் கடந்து ஒன்பதாவதன் வாசலில் நின்றது.

முதற் பாகம் நல்ல நூல். எங்கோ ஒரு துணைக்கோளில் தேயிலை பயிரிடுகிறார்கள். அங்கே எதற்கும் எடையில்லை. எடையில்லாத கொழுந்துக்குக் கூலியில்லை என்கிறது கம்பனி. கொழுந்து பறிக்கும் பெண்கள் தராசைப் பிடுங்கி வெற்றிடத்தில் எறிந்துவிட்டுத் தோட்டத்தைத் தமதாக்கிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். தோட்டத்து வாசகர் வட்டத்தில் அதை உரக்க வாசித்தபோது அழாதவர் இல்லை.

எல்லாம் நன்றாக முடிந்துவிட்டதே என்ற கவலை ஸ்ரீதரனை மட்டும் அரித்தது. ஆகவே இரண்டாம் பாகத்தில் தோட்டத்தை மறுபடியும் கம்பனியிடம் பறிகொடுத்து, நாயகியின் மகனையும் ஆகாயத்தில் தொலைத்தார். மூன்றாம் பாகத்தில், முதற் பாகத்திலேயே செத்தொழிந்த கம்பனித் துரைக்கு ஓர் இரட்டைச் சகோதரனைக் கண்டுபிடித்தார். ஆறாம் பாகம் முழுவதும் ஒரே கூட்டம்; அதன் பெரும்பகுதி முந்தைய கூட்டத்தின் அறிக்கையை ஏற்றுக்கொள்வதில் கழிகிறது. எட்டாம் பாகத்தில் விண்கலத்திலுள்ள அனைவரும் உறைநித்திரையில் ஆழ்கின்றனர். கடைசிப் பக்கம் வரையில் எவரும் விழிப்பதில்லை. இத்தகைய துணிச்சலான அமைதி தமிழில் அரிது.

இந்நிலையில்தான் மாவனல்லையில் அச்சகம் நடத்தும் ஹுஸைன் ஒரு நிபந்தனை விதித்தார்.

“எனக்குக் கத வெளங்காது மாஸ்டர். பின்னால வந்த பாகமெல்லாம் நல்லம்னு ஒங்கட சனம் ஒரு வார்த்த சென்னா, ஒம்பதாவத அடிச்சித் தாரன். சொல்லாட்டி என்ன விட்டுருங்க.”

ஸ்ரீதரனின் ஒன்பதாம் பாகம், அதாவது அவருடைய உயிர், வாசகர் வட்டத்தின் கையில் போய் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் விசேட பொதுக்கூட்டம் கூடியது. தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மண்டபம் அது. ஆகவே குழந்தைகளின் நாற்காலிகளே இருந்தன. ஹுஸைன் முழங்கால்கள் நெஞ்சில் இடிக்க அமர்ந்து இலக்கியத்துக்குச் செவிசாய்த்தார். செயலாளர் சுகந்தினி எழுந்தாள்.

“இன்றைய ஒரே விடயம், பிந்திய பாகங்கள் பயனுள்ளவையா என்பது. உறுப்பினர்கள் சுருக்கமாகப் பேசவும். ஆறாம் பாகம் மாதிரி வேணாம்.”

முதலில் எழுந்தவள் கருப்பாயி. தோட்டத்தில் அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை.

“ஐயா, எட்டாவதுல எல்லாரும் தூங்குறாங்க. கேட்டுக்கிட்டிருந்த நாங்களும் தூங்கிட்டோம். முழிச்சா அவங்க இன்னும் தூங்குறாங்க!”

“அது குறியீடு” என்றார் ஸ்ரீதரன்.

“என்ன ஈடோ. முதப் பாகத்துல தோட்டம் எங்க கைக்கு வந்துச்சு. ரெண்டாவதுல போனது, இன்னும் வரல. எட்டுப் புத்தகமா அடுத்ததுல வரும், அடுத்ததுல வரும்னா, நீங்க கத எழுதுறீங்களா, எலெக்ஷன் கேக்குறீங்களா?”

காம்பராவில் சிரிப்பு எழுந்தது. சுகந்தினி மேசையைத் தட்டினாள். எப்படித் தீர்ப்பது என்ற வினா எழுந்தபோது, வழியையும் கருப்பாயியே கூறினாள்.

“சரி, நமக்குத் தெரிஞ்ச மாதிரியே செய்வோம். பாகம் பாகமாப் பேர் போடுவோம்.”

அத்தோட்டத்தின் முறை இது: விடிந்தது முதல் மலையில் நின்றாலும், பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால், அன்றைய நாள் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் அரை நாளாகவே பதியப்படும். அதுதான் அரைப்பேர். அதனைப் பதிபவர் ஸ்ரீதரன்.

முதற் பாகத்துக்கு ஏகமனதாக முழுப்பேர் விழுந்தது. இரண்டாவதும் தட்டுத்தடுமாறி முழுப்பேர் பெற்றது. மூன்றாவதிலிருந்து அரைப்பேர், அரைப்பேர் என்று சுகந்தினி வாசித்துக்கொண்டே போக, ஸ்ரீதரன் குறுக்கிட்டார்.

“எட்டாவது மொத்தமான புத்தகம். தூக்கிப் பாருங்க!”

“அட்டைக்குக் கழிச்சிருங்க” என்றாள் கருப்பாயி. “சாக்குக்குக் கழிப்பீங்களே, அந்த மாதிரி. அழுவுற பக்கத்துக்கெல்லாம் ஈரக்கழிவு போடுங்க. மிச்சத்த நிறுங்க.”

“எழுதின காலத்துல ஓயாத மழை. வீட்டுல லைட்டும் இல்ல.”

“நாங்க மட்டும் வெயில்லயா எடுத்தோம்?”

“முழங்கை வீங்கிப்போச்சு!”

“டாக்டர் குடுத்த மருந்துத் துண்டு இருக்குங்களா, ஐயா?”

ஸ்ரீதரன் எழுந்தார்.

“நாள் பூரா உழைச்சவனுக்கு அரைப்பேரா? நிறை கொஞ்சம் கொறஞ்சா உழைப்பு உழைப்பில்லாமப் போயிருமா? இதுதான் நியாயமா?”

அக்கேள்வியைக் கேட்காத பெண் அங்கே ஒருத்தியும் இல்லை. அதனை அவர் கேட்டு அவர்கள் கண்டதுமில்லை.

“நியாயம் இன்றைய நிகழ்ச்சிநிரலில் இல்லை, சேர்” என்றாள் சுகந்தினி. “மொத்தமாக அரைப்பேர். தீர்மானம் நிறைவேறியது.”

ஹுஸைன் நாற்காலியிலிருந்து தம்மை மெல்லக் கழற்றிக்கொண்டார். வாக்குத் தவறாத மனிதர் அவர்.

“அரைப்பேர்னா அரைப் பொத்தகம், மாஸ்டர். முன் பாதியத் தாங்க. அடிக்கிறன்.”

ஸ்ரீதரன் வீட்டுக்குச் சென்றார், பேனாவைத் திறந்தார். அவமானம் அவரை எழுத்தாளராக்கியது. அரைப்பேர் என்னும் காட்டுமிராண்டி வழக்கத்தைக் கண்டித்து அவர் எழுதத் தொடங்கிய முன்னுரை, கதையைத் தள்ளிக்கொண்டு வளர்ந்து, ஹுஸைன் ஒதுக்கிய பக்கங்கள் அனைத்தையும் நிரப்பியது. ஆகவே ஒன்பதாம் பாகம் முன்னுரையாக மட்டுமே வெளிவந்தது. உறைநித்திரையில் இருந்தவர்களை எவரும் எழுப்பவில்லை. இத்தொடரில் முதற் பாகத்துக்கு நிகரானது இதுவே என்று பெல்மதுளையிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் பாராட்டினார். வாசகர் வட்டமும் அதற்கு முழுப்பேர் இட்டது. பிந்திய பாகங்கள் பயனற்றவை என்போர் வெட்கித் தலைகுனிந்தனர்.

அடுத்த வாரம் கொழுந்து மடுவக் கொட்டகையில் நிறுவை நடந்தது. நனைந்த சாக்கைத் தராசில் மாட்டிவிட்டுக் கருப்பாயி ஒதுங்கி நின்றாள்.

“ஐயா, ஒங்க முன்னுரைய மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேனுங்க.”

ஸ்ரீதரனின் முகம் மலர்ந்தது. “அப்பிடியா? எந்த எடம் புடிச்சிச்சு?”

“‘நாள் முழுதும் வியர்வை சிந்திய கைக்கு அரை நாள் என்று எழுதும் பேனா, பேனா அன்று, கத்தி.’ அந்த எடந்தாங்க. நெஞ்சில நிக்குது.”

ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்தாள். அவர் அவளை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார், சொன்னாள். எட்டுப் பாகங்கள் எழுதியும் வாய்க்காத வாசகி இதோ வாய்த்துவிட்டாள் என்று அவருடைய கண்கள் நிறைந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தராசின் முள்ளைப் பார்த்தார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தார். கண்ணீர் உலர்வதற்குள், பேனாவைத் திறந்து, அவளுக்கு அரைப்பேர் இட்டார்.